ஒரு தட்டு, இரண்டு நோன்பு

நாற்பது நாள் உபவாசம் இருந்ததற்காக எங்கள் சபையில் எனக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்தினார்கள். அந்த நாற்பதில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் நான் நன்றாகவே சாப்பிட்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு மேடையில் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் கை தட்டும்போது அதை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பரிசுத்தம் போதாது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு பெண் காரணம். ஹைதராபாத் மல்லாபூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வால்வு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரி. போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் கேன்டீனை வெளியாளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டார்களாம். வாசலில் ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்களாம். முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், அப்புறம்தான் தட்டு கிடைக்கும். ஆண்டு மலருக்கு, அந்தக் காலத்தில் கேன்டீன் எப்படி இருந்தது என்று இரண்டு பக்கம் வேண்டும், கொஞ்சம் இன்ஸ்பைரிங்காக இருக்க வேண்டும் என்றாள்.

சஸ்பெண்ட் ஆன ஆள் முகத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ரெட் வரும் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. மலருக்கு வேறு ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பைரிங்காகத்தான் இருக்கிறது. இது அதில் போடாதது.

நான் தென்கோடித் தமிழ்நாட்டு நாசரேத்தில் பிறந்தவன். விலங்கியல் படித்தேன். எந்த விலங்கும் வேலை கொடுக்காததால் கேட்டரிங் டிப்ளமோ படித்தேன். மச்சான் ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு மல்காஜ்கிரியில் வீடெடுத்திருந்தார். அவர் வீட்டு முன்னறைக்கு வந்து இறங்கியவன், பிறகு அதே தெருவில் வேறு வீடு மாறியதோடு சரி. தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளனாகச் சேர்ந்து, காய்கறி மூட்டையை முகர்ந்தே நல்லது கெட்டது சொல்லுமளவு தேறி, கேன்டீன் சூப்பர்வைசர் ஆனேன். ஓய்வு பெறும்போதும் கேன்டீன் சூப்பர்வைசர்தான். என் வேலை வாழ்க்கையின் ஏறுமுகம் இவ்வளவே.

கேன்டீனில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். நலத்துறை அதிகாரி வெங்கட்ராமன். கும்பகோணத்துக் குடும்பம். அப்பா பாதுகாப்புத் துறையில் இருந்ததால் செகந்திராபாத்திலேயே வளர்ந்தவர். அவர் ஒரு சொல்லில் பேசுவார். இரண்டு சொல் பேசினால் ஏதோ பெரிய தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம். வாக்கியமாகப் பேசினால் யாருக்கோ மெமோ.

தினமும் பதினொன்றரைக்கு அவர் சமையலறைக்குள் வருவதை நான் இன்றும் அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்க முடியும். வாசலில் செருப்பைக் கழற்றுவார். முழங்கை வரை கை கழுவுவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். முதலில் சோறு. மூன்று பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்குவார். விரலில் வெள்ளைப் பொட்டு நடுவில் நிற்கக் கூடாது, மாவாகவும் ஒட்டக் கூடாது. பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன எவர்சில்வர் டம்ளரை நீட்டுவார். அதில் சாம்பார் ஒரு கரண்டி. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். கண்ணைத் திறந்து, "உப்பு" என்பார். கூடுதலா குறைச்சலா என்பதை நாம் அவர் புருவத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். இடப் புருவம் ஏறினால் கூடுதல்.

அவர் போன பிறகு என் பங்கு. அன்றைய சாப்பாடு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒரு தட்டு நான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் சூப்பர்வைசர் உயிரோடு நடமாடினால் தொழிலாளிகளுக்குப் பரிமாறலாம். இதை வெங்கட்ராமன் இப்படிச் சொல்லவில்லை. ‘மாதிரி உணவுப் பரிசோதனை’ என்று சொன்னார்.

அப்புறம் தட்டு விதி. முன்பு ஆட்கள் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், சிலர் பக்கத்துக் கம்பெனி நண்பர்களை அழைத்து வந்தார்கள். அதனால் வெங்கட்ராமன் ஒரு பலகை எழுதி மாட்டினார். கேன்டீன் கார்டு ஒன்றுக்கு ஒரு தட்டு. தட்டு கார்டுக்கு உரியவரின் முன்பாக மட்டுமே இருக்க வேண்டும். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருந்தது. தமிழை நான் என் சொந்த முயற்சியில் சேர்த்தேன். மூன்று மொழியில் மீறுகிறவர்கள் நான்காவதிலும் மீற வசதியாக இருக்கட்டும் என்று.

இனி கௌஸ் பாய். அவர் மெஷின் ஷாப்பில் கிரேன் ஓட்டுநர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். ஹைதராபாத்காரர்தான். ஆனால் சின்ன வயதில் வாணியம்பாடியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். அதில் ஹைதராபாத் உருதுவான தக்னியைத் தாராளமாகக் கலப்பார். நானும் அவரும் அதற்கு முன்பு பெரிய சிநேகிதர்கள் இல்லை. ‘சார், இன்னைக்கு பைங்கன் கைக்கு இவ்வளவு கசப்பு?’ என்று கத்தரிக்காயைக் காட்டிக் கேட்பார், நான் சிரிப்பேன், அவ்வளவு பழக்கம்.

ஒருநாள் அவர் தூக்கிய இரும்பு வார்ப்பு ஒன்று கட்டு நழுவி, புதிதாக வந்திருந்த இயந்திரத்தின் மேல் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. தூக்கு வடம் பழசு என்றது தொழிற்சங்கம். கீழேயிருந்து சைகை வருமுன் தூக்கிவிட்டார் என்றது நிர்வாகம். விசாரணை முடியும்வரை கௌஸ் பாய் சஸ்பெண்ட்.

எங்கள் தொழிற்சாலையில் சஸ்பெண்ட் ஆனவர் வீட்டில் இருக்க முடியாது. காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒருமுறை, டைம் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் அங்கே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். கார்டைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் கேன்டீனில் தட்டு கிடையாது. டைம் ஆபீஸ் ஜன்னலும் கேன்டீன் கண்ணாடியும் எதிரெதிர். தாளிக்கிற வாசனை பெஞ்சுக்கு நேராகப் போகும்.

வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரலாமே என்றால் அங்கேதான் சிக்கல். எங்கள் தொழிற்சாலையில் யாரும் டப்பா கொண்டுவருவதில்லை, எல்லோருக்கும் கேன்டீன். இத்தனை வருஷம் கழித்து டப்பா கேட்டால் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த அம்மாள் அடுத்த ஆட்டோவில் வந்து ஜி.எம். அறைக் கதவைத் தட்டுவார். போனஸ் விஷயத்தில் ஒருமுறை தட்டியிருக்கிறார், அந்தச் சத்தம் இன்னும் பலருக்கு நினைவிருக்கிறது. அதோடு, இளைய மகளுக்கு நிக்காஹ் பேசி, பெருநாள் கழித்து என்று நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தது பெண்ணின் அப்பாவுடைய நிரந்தர வேலையை. வேலை போனால் அதுவும் போகும். ஆகவே கௌஸ் பாய் தினமும் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தார். மதியம் கூலரில் தண்ணீர் குடிப்பார்.

அது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்தின் தொடக்கம். சாம்பல் புதன் அன்று காலை ஆராதனையில் நான் ஒரு தீர்மானம் எடுத்திருந்தேன். ஈஸ்டர் வரை மதியச் சாப்பாடு இல்லை. தீர்மானம் எடுக்கும்போது பதினொன்றரைப் பரிசோதனைத் தட்டு நினைவுக்கு வந்தது. அது கடமை, சாப்பாடு ஆகாது என்று கர்த்தருடைய சார்பில் நானே முடிவு செய்துகொண்டேன். அதனால் என் கார்டுக்குரிய தட்டு சும்மா இருந்தது. கூலர் பக்கத்தில் கௌஸ் பாய் நின்றார். கூப்பிட்டேன்.

"நக்கோ சார்," என்றார். வேண்டாமாம்.

நான் உபவாசம், இந்தத் தட்டு வீணாகப் போகும், எங்கள் வழக்கப்படி நாம் விடுகிற சாப்பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நோன்பை அவர் ரோஜா என்பார்.

"உங்க ரோஜாவுல தண்ணி குடிக்கலாமா?"

குடிக்கலாம் என்றேன்.

"டீ?"

அதுவும் குடிக்கலாம் என்றேன், குரல் கொஞ்சம் இறங்கியது.

"பதினொன்றரைக்கு உக்காந்து சாப்பிட்டீங்களே, கண்ணாடி வழியா பார்த்தேனே."

"அது டியூட்டி."

கௌஸ் பாய் நாற்காலியை இழுத்தார். "நல்ல மதம் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்படி ஆரம்பித்தது. தினமும் நான் கார்டைக் காட்டித் தட்டை வாங்குவேன், மூலை மேசைக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன், எதிரில் உட்கார்ந்திருப்பேன். என் பதினொன்றரை மணிச் சாப்பாடு ஜீரணமாகிக்கொண்டிருக்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? சாப்பாட்டுக் கடல் நடுவில் ஒரு மனிதர் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் சபைப் பாடகர் குழுவில் இருந்தார். அவர் வழியாகச் செய்தி சபைக்குப் போயிற்று. இரண்டாவது ஞாயிறு ஆயர் பிரசங்கத்தில், அன்னத்தின் நடுவே அமர்ந்து அன்னத்தை மறுக்கும் ஒரு சகோதரரைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தாழ்மையாகத் தெரிந்திருக்கிறது.

என் மனைவி ஜெசி மட்டும் மசியவில்லை. "அடுக்கி வச்ச தோசைய ராத்திரி அடியோட காலி பண்ணுதவரு, என்னத்த உபவாசம்?" என்றாள். அவளுக்குக் கௌஸ் பாய் விஷயம் சொல்லியிருந்தேன். மறுநாள் எலுமிச்சை ஊறுகாய் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அந்த மனுஷனுக்குக் கேன்டீன் சாப்பாடு எப்படி இறங்கும் என்றாள்.

ஒருநாள் மதியம் வெங்கட்ராமன் வந்தார். அவர் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் வருகிறவர் இல்லை. செக்யூரிட்டி அதிகாரி ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. நேராக மூலை மேசைக்கு வந்து நின்றார். கௌஸ் பாயின் கை தட்டில் இருந்தது. எழுந்திருப்பதா, கையை எடுப்பதா என்று தெரியாமல் அப்படியே இருந்தார். நான் எழுந்துவிட்டேன். லெந்து, விரதம், வீணாகப் போகிற அன்னம் என்று மூன்று தலைப்பில் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தேன்.

வெங்கட்ராமன் காது கொடுக்கவில்லை. சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு விரலால் தட்டை நகர்த்தினார். கௌஸ் பாயின் முன்னாலிருந்து மேசையின் நடுக்கோட்டைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்தார்.

"மிஸ்டர் ஞானராஜ். தட்டு உங்க முன்னாடி இருக்கணும். அவ்வளவுதான் ரூல். யார் வாய்க்குப் போறதுன்னு நான் எழுதல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை சொற்கள் அவர் சேர்ந்தாற்போல் பேசி, யாருக்கும் மெமோ வராதது அதுவே முதல் தடவை என்று நினைத்தேன். அதுவும் தவறு என்று பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து தட்டு என் முன்னால். கௌஸ் பாய் எதிரிலிருந்து கை நீட்டிச் சாப்பிட்டுப் பார்த்தார், ரசம் வழி முழுக்க ஒழுகிற்று. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளோடு தோள் உரச, ஒருவர் சாப்பிட ஒருவர் காவல் இருந்தோம்.

லெந்து முடியச் சில வாரங்கள் இருக்கும்போது ரம்ஜான் பிறந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. முதல் நாள் வழக்கம்போலத் தட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கௌஸ் பாய் வந்தார், உட்கார்ந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். "சார், எனக்கும் இன்னைலேருந்து ரோஜா" என்றார். இனிமேல் அவருக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. வீட்டில் விடியுமுன் சாப்பிட்டுவிட்டு வருவார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நீங்க சாப்பிடுங்க சார்," என்றார். "உங்களுக்குத் தண்ணி, டீ எல்லாம் உண்டு. சாப்பாடும் ஒரு டியூட்டின்னு வச்சுக்கலாம்."

வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அன்று எனக்கு உறைத்தது. தட்டைத் தொடவில்லை. கடைசியில் சமையலறைப் பையன்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை வெங்கட்ராமனிடம் போய், ஈஸ்டர் வரை பரிசோதனைத் தட்டைத் தலைமைச் சமையல்காரர் சாப்பிட அனுமதி வேண்டும் என்று கேட்டேன். காரணம் சொன்னேன். அவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, சமையல்காரர் தன் சமையலைத் தானே ருசி பார்த்தால் அது பரிசோதனை ஆகாது, பாசம் என்றார். சரி, அவ்வளவுதான் என்று நான் திரும்பினேன். "போடுங்கோ," என்றார். எனக்குப் புரியவில்லை. "தட்டு" என்றார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை, அந்த ஒரு கரண்டிச் சாம்பாரைத் தவிர வெங்காயம் பூண்டு எதுவும் தொடாத அந்த மனிதர், நின்றபடியே, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல், என் தட்டைச் சாப்பிட்டார்.

ஆகவே அந்த வாரங்களில்தான் நான் உண்மையில் பசித்திருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் எச்சில் விழுங்காமல் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் டம்ளரைத் தூக்க வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் அதில் பக்தி இல்லை. இனி கேன்டீனுக்கு வர வேண்டிய அவசியம் கௌஸ் பாய்க்கு இல்லை. ஆனாலும் வந்தார். நாங்கள் வெறும் மேசையின் முன்னால், தட்டு டம்ளர் சத்தங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். சாம்பாரைக் குறை சொல்கிற சத்தமும் சேர்த்துத்தான்.

அவர் கிரேனைப் பற்றிப் பேசுவார். மேலே அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் மனிதர்களே தெரிய மாட்டார்கள், ஹெல்மெட்தான். "மேலேர்ந்து பார்த்தா யாரு இந்து யாரு முஸல்மான் ஒண்ணும் தெரியாது சார். வெள்ளை ஹெல்மெட் தெரியும். அது ஆபீசர், ஜாக்கிரதை." திரும்ப அந்தக் கூண்டில் ஏறுவேனா என்பதை மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தொழுகை நேரத்துக்குச் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் போய் வருவார். அவர் போயிருக்கும் நேரத்தில் நான் மேசையிலேயே கண்ணை மூடிக்கொள்வேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்பதை, மற்றவர்கள் ‘அப்புறம் பார்ப்போம்’ என்பதைப் போலச் சொல்லிப் பழகியவர்கள். சொன்னதற்கும் ஜெபிப்பதற்கும் நடுவில் எத்தனையோ மறதி. அந்த வாரங்களில் நான் மறக்கவில்லை. வயிறு மறக்க விடவில்லை. ஒரே விண்ணப்பம்தான்: இவர் வேலை போகக் கூடாது. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. பசியில் எனக்கு அடைமொழிகள் ஓடிவிட்டன. கண்ணைத் திறந்தால் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் வாய் வறண்டிருக்கும். யாரோ எதிரில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அது யார் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை, பேசியிருந்தால் சண்டை வந்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு தெரிந்தது, கௌஸ் பாய் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கிறது என்று. தற்காலிக நீக்கத்தில் இருந்தபோது தகுதியில்லாமல் கேன்டீன் உணவு பெற்றார். வடம் பழசா என்பதைச் சங்கம் வாதாடிக்கொள்ளும். இதை யார் வாதாடுவது? முதல் குற்றம் விபத்து என்றாவது சொல்லலாம். இரண்டாவதில் நிறுவனத்தை ஏமாற்றினார் என்று வரும், அதற்கு வேலையிலிருந்து நீக்கலாம். நான் என் புண்ணியத்துக்காகச் செய்தது அவர் மகளின் நிக்காஹில் போய் இடிக்க நின்றது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றிரவு ஜெசியிடம், அவர் சாப்பிடவே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "உண்மையச் சொல்லுங்க. ஆனா சுருக்கமாச் சொல்லுங்க," என்றாள். இரண்டாவது பாதிதான் எனக்குக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். கௌஸ் பாய் ஓரத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வெங்கட்ராமன் நலத்துறை சார்பில் சுவரோரம் நின்றார். நாற்காலி இருந்தது. வழக்கறிஞர் என்னிடம், இவருக்கு நீங்கள் சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் சாம்பல் புதனிலிருந்து தொடங்கினேன். லெந்து என்பது என்ன, அதன் உட்பொருள் என்ன என்று போய்க்கொண்டிருந்தபோது சுவரோரமிருந்து ஒரு சொல் வந்தது.

"தட்டு."

நிறுத்தினேன். அவர் என் தட்டில் சாப்பிட்டார் என்றேன். தட்டு யார் முன்னால் இருந்தது என்று வழக்கறிஞர் கேட்டார். என் முன்னால் என்றேன். பலகையில் இருந்த விதியின் நகலை வாங்கிப் படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு, நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதைக் கேட்டார். "எல்லா நாளுமா?"

அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கௌஸ் பாய் என்னைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அதை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. வெங்கட்ராமன்கூடத் தட்டை நகர்த்தினேன் என்று தானாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"இல்ல சார்," என்றேன். "முதல் சில வாரம் அவர் முன்னாடி இருந்துச்சு."

என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அது. கௌஸ் பாய் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வார்ப்பைப் போல இவன் என்னையும் மேலேயிருந்து கீழே போட்டுவிட்டான் என்று அவர் நினைத்திருந்தால் நியாயம்தான்.

வெங்கட்ராமன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் வாக்கியமாகப் பேசினார். அந்தச் சில வாரங்களில் விதி மீறப்பட்டது உண்மை. விதி கார்டு வைத்திருப்பவருக்கு எழுதப்பட்டது. கௌஸிடம் கார்டே இல்லை, அதை நாம்தான் வாங்கி வைத்தோம். கார்டு இல்லாதவர் அந்த விதியை மீற முடியாது. மீறியவர் சூப்பர்வைசர். மெமோ அவருக்குத்தான் போக வேண்டும், நான் இன்றே கொடுக்கிறேன் என்றார்.

வழக்கறிஞர் பேனா மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். கடைசியில் இரண்டாவது குற்றச்சாட்டை அடித்தார். முதல் குற்றச்சாட்டில் வடத்தைப் பரிசோதிக்க வேண்டிய காலம் தாண்டியிருந்தது வெளியே வந்தது. கௌஸ் பாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது.

வெங்கட்ராமன் சொன்னபடி அன்று மாலையே மெமோ கொடுத்தார். என் வேலை வாழ்க்கையின் ஒரே மெமோ. அந்த ஞாயிறு ஈஸ்டர், சபையில் பொன்னாடை. ஒரே காரியத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டும் வந்தன. இரண்டில் விவரங்கள் சரியாக இருந்தது மெமோவில்தான்.

கௌஸ் பாயைத் திரும்பக் கிரேனில் ஏற்றவில்லை. பாலாநகர் பக்கம் இருந்த எங்கள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெருநாள் அன்று ஷீர் குர்மா பாயசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேன்டீன் கூடத்தில் அந்த மேசையருகே கொஞ்சம் நின்றார். "பஸ் பிடிக்கணும் சார்" என்றார். நிக்காஹ் நன்றாக நடந்தது. பிறகு அவர் ஓய்வு பெற்று, மகன் பட்டறை வைத்திருக்கும் போதன் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். வெங்கட்ராமனும் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒரு சொல் சொன்னார். "வரேன்."

இப்போது எனக்கு எல்லா நாளும் ஞாயிறு. லெந்து வந்தால் ஒழுங்காக உபவாசம் இருக்கிறேன். பதினொன்றரைத் தட்டு இல்லை, டியூட்டி இல்லை, யாரையும் ஏமாற்ற வேண்டியதும் இல்லை. மதியம் சாப்பாட்டு மேசையில் வேதாகமத்தைத் திறந்து வைத்து உட்காருகிறேன். ஜெசி தன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுகிறாள், என் ஜெபத்தைக் கெடுக்கக் கூடாதாம். பசிக்கிறது. பசி மட்டும்தான் வருகிறது. எதிர் நாற்காலியில் யாரும் இருப்பதுபோலத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போய்ப் பார்த்தேன். முடிவில் கொடுக்கும் பிரியாணி நன்றாக இருக்கிறது. கர்த்தர் எங்கும் இருக்கிறார் என்று எல்லோரையும் போல நானும் நம்புகிறேன். ஆனால் அவரோடு நான் சேர்ந்து உட்கார்ந்திருந்த இடம் என்று கேட்டால், எனக்கு மல்லாபூரில் அந்த மூலை மேசைதான் தெரியும். அங்கே இப்போது என்னை உள்ளே விட மாட்டார்கள்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் பேசிய அன்று மனசு தாங்காமல் போதனுக்கு போன் போட்டேன். கௌஸ் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி எடுத்தார். வேலை திரும்பக் கிடைத்த அன்றே கௌஸ் பாய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களைப் பற்றி இப்போதும் பேசுவாரா என்று கேட்டேன். பாராட்டு கேட்டு வாங்குகிற வயது எனக்கு. பேசாத ரம்ஜான் இல்லை என்றார் அந்த அம்மாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன சொல்வார் என்றேன். அவர் தக்னியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"ஞானராஜ் சாருக்கு அவங்க மதத்துல ஏதோ வேண்டுதலாம், யாருக்காவது சோறு போட்டே ஆகணுமாம். அந்தச் சாம்பாருக்கு வேற எவனும் சிக்கல, பாவம், நான்தான் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு அவர் வேண்டுதலை முடிச்சுக் குடுத்தேன்னு சொல்வார்."